மாப்பிள்ளை அழைப்பும் மாமன் கிளட்சும்

1

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில், இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஒரு காலத்தில் விமானம் ஏறி இறங்கிய ஓடுதளம் ஒன்றில் கார் வரிசையில் நின்றிருந்தேன். வரிசை நகரும்போது எஞ்சினைப் போடாமல், இறங்கிக் காரைத் தள்ளுவது எங்கள் கிளப்பின் வழக்கம். பெட்ரோல் மிச்சம். இராஜபாளையத்தில் நின்றுபோன டவுன் பஸ்களைத் தள்ளி வளர்ந்தவன் என்பதால், தள்ளுவதில் கிளப்பில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஓட்டுவதில்தான் கொஞ்சம் பின்தங்கல்.

தலைக்கவசத்தை மாட்டப் போகும் நேரத்தில் கைப்பேசி துடித்தது. குடும்ப வாட்ஸப் குழு. என் ஈஸ்வரி அக்கா மகள் மதிக்கு இன்று முதலாவது கல்யாண நாள். வாழ்த்தோடு நிறுத்தியிருக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் யாரோ போன வருடத்து மாப்பிள்ளை அழைப்பு வீடியோவையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெரு. மேளம். பூ அலங்காரம் செய்த திறந்த கார். அதன் பின்சீட்டில், மாப்பிள்ளை உட்கார வேண்டிய இடத்தில், நான். தலைப்பாகையும் மாலையுமாக மாப்பிள்ளை முன்சீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

கொடி அசைந்தது எனக்குத் தெரியவில்லை. பின்காரில் இருந்தவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று அக்கறையாகக் கேட்டார். வெட்கம் என்று சொன்னால் முதலுதவிப் பெட்டியில் அதற்கு மருந்து இருக்காது. ஒன்றுமில்லை என்று கிளம்பி, அந்தச் சுற்றில் கண்ணில் பட்ட கூம்பையெல்லாம் சாய்த்துவிட்டு வந்தேன்.

2

கார் பந்தயம் என்றதும் டி.வி.யில் பார்த்ததெல்லாம் உங்கள் மனசில் ஓட ஆரம்பித்திருக்கும். தயவுசெய்து அணைத்துவிடுங்கள். எங்களுடையது இல்லாதவர்களின் பந்தயம். காலி இடத்தில் ரப்பர் கூம்புகளை வைத்து வளைவும் நெளிவுமாக ஒரு பாதை போடுவார்கள். ஒரு நேரத்துக்கு ஒரு கார். யாரையும் முந்த வேண்டாம், கடிகாரத்தோடுதான் சண்டை. கூம்பு சாய்ந்தால் தண்டனையாக நொடிகளைக் கூட்டுவார்கள். ஜெயித்தவருக்கு ஒரு கோப்பை. கோப்பை என்றால், டீ குடிக்கிற கோப்பை.

என் கார் இருபது வயதைத் தாண்டிய சின்ன ஜப்பான் வண்டி. திங்கட்கிழமை அதே வண்டியில்தான் வேலைக்கும் போகிறேன். டயர்கள், கிளப்பில் வசதியுள்ளவர்கள் கழற்றிப் போட்டவை. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பின்சீட்டைக் கழற்றிக் கொல்லையில் வைத்தேன். என் மனைவி செல்வி வெயில் அடிக்கிற அபூர்வ நாட்களில் அதன்மேல் மோர்மிளகாய் காயப்போடுகிறாள். "சீட்டைக் கழத்தினதுக்குப் பதிலா உங்க தொந்தியைக் கழத்தியிருந்தா வண்டி பறந்திருக்கும்" என்பது அவளுடைய தொழில்நுட்ப ஆலோசனை.

ஓட்டுவதற்கு முன் ஒரு பெரியவர் காரைச் சோதிப்பார். பேட்டரி ஆடுகிறதா, உள்ளே ஏதாவது உருளுகிறதா என்று பார்ப்பார். முதல் நாள் என் டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பிடித்து இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தார். பிள்ளையார் அசையவில்லை. சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு இங்கிலாந்தில் கிடைத்த முதல் தகுதிச் சான்றிதழ் அது.

பிள்ளையார் தேறினார், நான் தேறவில்லை. முதல் சுற்றில் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டே போனேன். வேண்டுமென்றா செய்தேன்? தென்காசி ரோட்டில் வண்டி பழகியவனுக்குத் திருப்பத்தைப் பார்த்தாலே கட்டைவிரல் தானாகப் போகிறது. எதிரே வருவதற்கு ஒரு முயல்கூட இல்லை. ஹாரன் மாட்டிக்கொண்டது என்று நினைத்துச் சிவப்புக் கொடி காட்டி நிறுத்திவிட்டார்கள். "எதிரில் யார் வருவார்கள் என்று எதிர்பார்த்தீர்கள்?" என்று பந்தயப் பொறுப்பாளர் கேட்டார். மணல் லாரி என்பதை ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

3

இதோடு நின்றிருந்தால் இது என் தனிப்பட்ட அவமானம். ஊருக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு போட்டோவால்.

எங்கள் கிளப்பின் சாம்பியன் ஓய்வு பெற்ற பல் மருத்துவர். அவருடைய கார் மஞ்சள் நிறம், தரையைத் தொடுகிற மாதிரி தாழ்வு, முதுகில் இறக்கை. ஒருநாள் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதன்மேல் லேசாகச் சாய்ந்து நின்றேன். என் மகள் யாழினி படம் எடுத்தாள். அதைக் குடும்பக் குழுவில் போட்டேன். என் கார் என்று நான் எழுதவில்லை. என் கார் இல்லை என்றும் எழுதவில்லை. "ஞாயிறு" என்று மட்டும் எழுதினேன்.

யாழினிக்குப் பதினேழு வயது. நான் தமிழில் பேசுவதெல்லாம் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். வருத்தமாக இருந்தால் மட்டும் தமிழில் பேசுவாள், அதனால் அவள் தமிழைக் கேட்டாலே என்ன தப்புச் செய்தேன் என்று தேட ஆரம்பிப்பேன். அன்று போட்டோவைப் பார்த்துவிட்டுத் தமிழில்தான் கேட்டாள்: "அப்பா, அது அந்தத் தாத்தா காருதானே?"

"ஆமாம்மா. சும்மா."

"அத்தைக்குத் தெரியுமா?"

"அத்தைக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்" என்றேன். பேச்சை மாற்றுவதற்கு அதைவிட மோசமான வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.

4

அடுத்த சில மாதங்களில் மதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கார்த்திக், கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். அக்கா இருக்கும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். அத்தான் போன பிறகு, அவர் நடத்திய சின்ன பேண்டேஜ் பட்டறையை இராஜபாளையத்தில் அவளே நடத்துகிறாள். காடாத் துணியை வெளுத்து, வெட்டி, சுருட்டி அனுப்புகிற வேலை. ஆண்துணை என்று சொல்லிக்கொள்ள அந்த வீட்டில் யாரும் இல்லை. பூ வைக்க வந்த அன்றே சம்பந்தியம்மா, "பொண்ணு வீட்டுப் பக்கம் பொறுப்பா நிக்க ஆளு யாரு இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா கைப்பேசியை எடுத்து மஞ்சள் காரைக் காட்டியிருக்கிறாள்.

லீவு கேட்டபோது என் மேலதிகாரியம்மா நெருங்கிய உறவு என்னும் பட்டியலைத் திரையில் ஓட்டிப் பார்த்தார். தாய்மாமன் அதில் இல்லை. மணப்பெண்ணுக்கு அம்மாவின் தம்பி எவ்வளவு முக்கியம் என்று எழுத்தில் தரச் சொன்னார். தந்தேன். இந்தியாவில் வண்டி ஓட்டப் பன்னாட்டு அனுமதியும் வாங்கினேன். அது இங்கே தெருமுனைக் கடையில், பால் வாங்குகிற அதே கல்லாவில் கிடைக்கிறது. பெருமையாக மாப்பிள்ளை வீடு வரை அத்தானின் பழைய காரை ஓட்டிப் போகலாம் என்கிற நப்பாசை.

இராஜபாளையம் போய் இறங்கிக் காபி குடிக்கும் முன்னாலேயே அக்கா சொன்னாள்.

"ஏலே, மாப்பிள்ளை அழைப்புக்கு நீதான் கார் ஓட்டுறே. எல்லாத்துட்டயும் சொல்லிட்டேன்."

"நானா? டிரைவர் இல்லையா?"

"பொண்ணுக்கு மாமன், அதுலயும் ரேஸ்காரன் இருக்கையில டிரைவர் எதுக்குலே? எதிர்வீட்டு ராஜா மாமா தன்னோட திறந்த காரைத் தாரேன்னுட்டாவ. சம்பந்தியம்மா கேட்டுட்டே இருக்காவ, தம்பி எப்ப வருதான், தம்பி எப்ப வருதான்னு."

எனக்குப் பயம் வந்தால் கை நடுங்காது, வேர்க்காது, வாய் ஓடும். கண்டபடி பேச ஆரம்பித்துவிடுவேன். அன்றும் ஓடியது. "எனக்கு இங்க லைசென்ஸ் கெடையாதுக்கா. சட்டப்படி தப்பு. வெளிநாட்டுக்காரன் கல்யாண ஊர்வலத்துல கார் ஓட்டினா பெரிய பிரச்சினை ஆயிரும்."

சோபாவில் கைப்பேசியோடு கிடந்த யாழினி தலையைத் தூக்காமல், அழகான தமிழில் சொன்னாள்: "அப்பா, நீங்க பர்மிட் எடுத்தீங்களே. பால் வாங்கும்போது."

5

ராஜா மாமாவின் கார் என்னைவிட மூத்தது. கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே, பக்கவாட்டில். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பாசம் வந்தால் தெலுங்கு வெளியே வரும், 'அப்பா' என்கிற அர்த்தத்தில் என்னை நாயனா என்பார். "மெல்லகா ஓட்டு நாயனா. கிளட்ச் கொஞ்சம் கோவக்காரி. அம்புட்டுத்தான்" என்று சாவியைக் கொடுத்தார்.

இங்கேதான் நாங்கள் எல்லாரும் சேர்ந்து செய்த தவறு. என் பந்தயம் ஒரு நிமிஷம் ஓடும். அந்த ஒரு நிமிஷமும் காலை அழுத்துவதுதான் வேலை. மாப்பிள்ளை அழைப்போ நடக்கிற வேகத்துக்கும் கீழே. முன்னால் மேளம், அதற்கு முன்னால் சீர்த்தட்டோடு பெண்கள், பட்டுச்சேலையில், வெடிக்குப் பயந்து பயந்து நடக்கிறார்கள். அவர்கள் நின்றால் கார் நிற்க வேண்டும், நகர்ந்தால் நகர வேண்டும். அரைக் கிளட்சில் காலை வைத்துக்கொண்டு ஊரைக் கடக்க வேண்டும். உலகத்தில் எந்தப் பந்தயக்காரனுக்கும் கொடுக்கக் கூடாத வேலையை, பந்தயக்காரன் என்கிற ஒரே காரணத்துக்காக எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

சாயங்காலம் மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோவிலில் கும்பிட்டுவிட்டு மாப்பிள்ளை வந்து பின்சீட்டில் ஏறினார். ஏறியதும் முன்னால் குனிந்து, "மாமா, எங்க காலேஜ் பசங்க சின்னதா ஒரு ரேஸ் கார் செய்றாங்க. ஊருக்குப் போறதுக்குள்ள ஒருநாள் வந்து நீங்க பேசணும்" என்றார். "கண்டிப்பா மாப்ளே, நெளிவு சுளிவெல்லாம் சொல்லித் தாரேன்" என்றேன். வாய் ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தது.

முதல் நகர்த்தலிலேயே கார் ஒரு குதி குதித்தது. மாப்பிள்ளையின் தலைப்பாகை கண்ணுக்கு இறங்கியது. முன்னால் போன தவில்காரர் தாளத்தை விடாமலேயே இரண்டு அடி முன்னால் தாவினார், அந்த வித்தையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இரண்டாவது நகர்த்தலில் எஞ்சின் நின்றது. மூன்றாவதிலும் நின்றது. அதற்குப் பிறகு ஒருமாதிரி உருட்டிக்கொண்டு கடைத்தெரு வரை வந்தேன். கிளட்ச் தீய்கிற வாடை அடித்தது. மல்லிகைப்பூ வாசத்தையும் வெடிமருந்து வாசத்தையும் மீறி அது வந்தது. பின்னால் இராஜபாளையம் போகிற பஸ் வந்து ஹாரன் அடித்தது. நான் பதற்றத்தில் பதிலுக்கு ஹாரன் அடித்தேன். எனக்கு முன்னால் போன நாதஸ்வரக்காரர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத வேண்டாம்.

பெட்டிக்கடை முன்னால் எஞ்சின் அடியோடு நின்றுபோனது. ஊர்வலம் நின்றது. காரின் ஓரமாக நடந்து வந்த சம்பந்தியம்மா மெதுவாகக் கேட்டார். அவர் என்றைக்கும் மெதுவாகத்தான் கேட்பார்.

"என்ன தம்பி, வண்டியிலயா கோளாறு?"

"ஆமா மதினி" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. "வண்டி சரியில்லை. கிளட்ச் தகடு போச்சு, கியர்ப்பெட்டியும் போச்சு. இந்த மாதிரி வண்டியையெல்லாம் விசேஷத்துக்குக் கொடுக்கவே கூடாது. எங்க ஊருல இதை ரோட்டுல விடவே மாட்டாங்க."

எங்க ஊர். நான் பிறந்த ஊரிலிருந்து ஒரு டவுன் பஸ் தூரத்தில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னேன். தன் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்துகொண்டிருந்த ராஜா மாமா காலை ஊன்றி நின்றார். நான் சொன்னது முழுக்க அவர் காதில் விழுந்தது. அந்தக் காரைத் தன் மகன் கல்யாணத்துக்குப் பிறகு அவர் யாருக்கும் கொடுத்ததில்லை என்று அக்கா சொல்லியிருந்தாள். அவர் கோபப்படவில்லை. "அட்லாகா" என்று மட்டும் முனகினார். அப்படியா என்று அர்த்தம்.

அப்போது தோளில் ஒரு கை விழுந்தது. "மாமா, செத்த நேரம் பின்னால உக்காருங்க" என்றார் மாப்பிள்ளை. நான் மறுக்கும் முன்னால் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சீட்டைத் தாண்டி முன்னால் வந்துவிட்டார். மாலையை முதுகுப்பக்கம் தள்ளிக்கொண்டார். சாவியைத் திருப்பினார். போச்சு என்று நான் சொன்ன கிளட்சை மிதித்தார். கார் பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறவள் மாதிரி, ஒரு துளி சிந்தாமல் நகர்ந்தது.

"வண்டி சரியாயிட்டு போல" என்றார் சம்பந்தியம்மா.

"மாமாவுக்கு வேகமாத்தாம்மா வரும்" என்று மாப்பிள்ளை தெருவைப் பார்த்தபடியே சத்தமாகச் சொன்னார். "இந்த ஆமை வேகமெல்லாம் வாத்தியாருக்குத்தான் சரி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கல்லூரிக்கு வந்து பேசச் சொன்ன அழைப்பை அவர் அதற்குப் பிறகு நினைவுபடுத்தவே இல்லை.

6

மண்டப வாசலில் ஆலத்தட்டோடு பெண்கள் காத்திருந்தார்கள். வெடிப் புகை வேறு. கண்புரையோடு இருக்கும் எங்கள் பெரியம்மா, மாப்பிள்ளை பின்சீட்டில்தானே இருப்பார் என்று நேராக என்னிடம் வந்து ஒரு சுற்றுச் சுற்றி, நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டாள். வீடியோவில் அந்த இடத்தில்தான் எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். என் சிரிப்பு எனக்கே அடையாளம் தெரியவில்லை.

கூட்டத்தில் அக்காவைத் தேடினேன். அத்தான் போன பிறகு விசேஷங்களில் அவள் முன்னால் வருவதில்லை. யாரும் சொல்லவில்லை, அவளாகவே நின்றுகொண்டாள். சொந்த மகள் கல்யாணத்திலும் சமையல்கட்டு வாசலில், பந்திக்கு இலை எண்ணிக் கொடுப்பது போல நின்றிருந்தாள். இந்தக் கல்யாணத்தில் அவள் தன் பங்குக்கு முன்னால் அனுப்பியது என்னை மட்டும்தான். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

போய் நின்றேன். இந்த முறை வாய் ஓடவில்லை.

"அக்கா, அந்தப் போட்டோவுல உள்ளது என் கார் இல்லை."

"தெரியும்லே."

"எப்படி?"

"யாழினி அன்னைக்கே போன் பண்ணிச் சொல்லிட்டா. தமிழ்லயே சொன்னா, பாவம்."

"பொறவு ஏங்க்கா எல்லாருட்டயும் அப்படிச் சொன்னே?"

அக்கா என் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள். முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

"ராஜா மாமாட்ட போய் மன்னிப்புக் கேளு. மனுசன் மூஞ்சி வாடிப் போயிருக்கு. பொறவு சாப்பிடு" என்றாள்.

கேட்டேன். "பர்வாலேது நாயனா, பயந்துட்டே" என்று என் முதுகில் தட்டினார். உண்மையைச் சரியாகச் சொன்னவர் அன்று அவர் ஒருவர்தான்.

7

இன்று மதியம் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். இராஜபாளையம் பஸ் நிலையத்து இரைச்சல் கேட்டது.

"ஏலே, வீடியோ பாத்தியா? நல்லாத்தான் உக்காந்துருக்கே."

"அக்கா, வேண்டாம்."

"சரி, விடு. இன்னைக்கு ரேசாமே. என்னாச்சு?"

"கடைசிக்கு முந்தின இடம்."

"கடைசி யாரு?"

"ஒருத்தருக்கு வண்டி ஸ்டார்ட்டே ஆகலை."

அக்கா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "மதி வீட்டுக்குத்தான் போறேன். ராத்திரிச் சாப்பாடு அங்க. வீடியோ பாத்த சூட்டுல சம்பந்தியம்மா கேப்பாவ, உங்க தம்பி இன்னமும் ரேசுக்குப் போறாரான்னு. என்ன சொல்லட்டும்?"

"உள்ளதைச் சொல்லுக்கா. கடைசிக்கு முந்தினதுன்னே சொல்லு. அது என் கார் இல்லைன்னும் சொல்லிரு. எனக்கு ஒண்ணும் இல்லை."

சொன்னதும் நெஞ்சு லேசானது. ஒரு வருடமாக இருந்த பாரம் இறங்கியது. உண்மை பேசுகிறவன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு மரியாதைகூட வந்தது.

"உனக்கு ஒண்ணும் இல்லைதான்" என்றாள் அக்கா. "சொல்லிட்டு நீ அங்க இருந்துக்கிடுவே. அவிய வீட்டு நடையை நான்தான் ஏறி எறங்கணும். எம்மக அங்க இருக்கா."

என் கையில் ஒரு கூம்பு இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ரெண்டாவதுன்னு சொல்றேன்" என்றாள். "எந்தப் பக்கத்துல இருந்துன்னு அவிய கேக்கமாட்டாவ."

"சரிக்கா."

"பஸ் வருது. வைக்கிறேன்."

இதில் வரும் பெயர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். அக்கா ஈஸ்வரி இல்லை, மாப்பிள்ளை கார்த்திக்கும் இல்லை. என் பெயரை நான் எங்குமே எழுதவில்லை. ஆனாலும் மடவார் வளாகத்தில் இதைப் படிக்கும் யாராவது, இது இன்னாருடைய தம்பிதான் என்று கண்டுபிடித்துவிடலாம். அப்படிக் கண்டுபிடித்தால், உங்கள் காலில் விழுகிறேன். அந்தத் தெருவில் ஒரு அம்மாள் மெதுவாகத்தான் கேட்பார். ரெண்டாவது என்று சொல்லிவிடுங்கள்.